முன்பு என்ன வேலை பார்த்தீர்கள்? கோத்தகிரியில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறை

கோத்தகிரி பேருந்து நிலையத்திலிருந்து கீழிறங்கும் சாலைகளில் ஒன்றில், உரக்கடைக்கும் மரக்கடைக்கும் இடையில், தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை இருக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. உரிமையாளர் தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "இருக்கற வேலையே முடியல சார், நீங்க வேற ஆளக் கூட்டி விட்றாதீங்க" என்பது அவர் சொன்ன காரணம். ஆனாலும், மலையில் பழைய இருசக்கர வாகனம் வைத்திருப்பவர்கள் நல்ல கை தேடி மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் என்று அலைவதைப் பார்த்துக்கொண்டு, இதைப் பற்றி எழுதாமலிருக்க எனக்கு மனம் வரவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. உரக்கடையில் கேட்டால் கை காட்டுவார்கள்.

நான் குஞ்சப்பனைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். காலையில் இறக்கம், மாலையில் ஏற்றம். சமதளம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒரு கிலோமீட்டர்கூட என் வழியில் இல்லை. 1993-ஆம் ஆண்டின் யமஹா ஆர்.எக்ஸ். 100 ஒன்றும், அப்பா விட்டுச்சென்ற, வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட புல்லட் 350 ஒன்றும் ஆறு ஆண்டுகளாக இந்தப் பட்டறையின் பராமரிப்பில்தான் ஓடுகின்றன. ஆகவே ஒரு நாள் போய் எண்ணெய் மாற்றிவிட்டு வந்து எழுதும் மதிப்பீடு அன்று இது.

முதன்முதலில் வண்டியைக் கொண்டுபோன அன்று, புதிதாகப் போகும் எந்தப் பட்டறையிலும் நான் கேட்கும் கேள்வியை இவரிடமும் கேட்டேன். "அண்ணா, இதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்தீங்க?" இதைச் சிலர் தவறாக எடுத்துக்கொள்வதுண்டு. இவர் ஸ்பேனரைக் கீழே வைக்காமலேயே பதில் சொன்னார்: "டீ ஃபேக்டரில ஃபிட்டருங்க சார். இருவத்திரெண்டு வருசம்." இலை அரைக்கும் சி.டி.சி. ரோலர்களில் தேய்ந்துபோன பல்லை மறுபடி வெட்டிக் கூராக்குவது, உலர்த்தியின் பெரிய காற்றாடிக்குப் பேரிங் மாற்றுவது, நள்ளிரவில் நின்றுபோன மோட்டாரை இலை கெடுவதற்குள் ஓடவைப்பது ஆகியவை அவருடைய பழைய தொழில். 2000-ஆம் ஆண்டு வாக்கில் பச்சைத் தேயிலையின் விலை விழுந்து, மலையில் பல தொழிற்சாலைகள் தடுமாறிய காலத்தில் வேலையை விட்டு, சேமிப்பில் பழைய லேத் ஒன்றை வாங்கிப்போட்டு இந்தப் பட்டறையைத் தொடங்கியிருக்கிறார். காத்திருப்பவர்கள் உட்காரப் போட்டிருக்கும் ஒட்டுப்பலகைப் பெட்டிகள்கூடத் தேயிலை அடைத்து அனுப்பிய பழைய பெட்டிகள்தாம். மழை நாளில் அவற்றிலிருந்து இன்னும் லேசாகத் தூள் வாசனை வரும்.

இந்தக் கேள்வி, வண்டி நிறுவனங்களின் பூர்வீகத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வந்த பழக்கம். வண்டிக்கென்றே பிறந்தவை போல இன்று தோன்றும் பெயர்களில் பல, வேறொரு தொழிலில் கை பழகி, அந்தக் கையோடு வண்டிக்கு வந்தவை. சிலவற்றில் பழைய கை இன்னும் தெரிகிறது. சிலவற்றில் தேடினாலும் கிடைக்காது. பட்டறைகளும் அப்படித்தான் என்பது என் எண்ணம். இந்தப் பட்டறை எதில் தேர்ந்தது, எதில் தேறாது என்பதை அந்த ஒரு கேள்வியின் பதிலே பெரும்பாலும் சொல்லிவிட்டது.

முதலில் அவருடைய காது. என் ஆர்.எக்ஸ். 100-இல் ஏற்றத்தில் மட்டும் ஒரு முனகல் கேட்டுக்கொண்டிருந்தது. சமவெளியில் இரண்டு இடங்களில் காட்டி, இரண்டு இடத்திலும் செயின் மாற்றச் சொன்னார்கள். மாற்றியும் முனகல் போகவில்லை. இவர் வண்டியை நிறுத்தியபடியே ஓடவிட்டு, ஒரு முழ நீளமுள்ள ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சின் உறையின்மேல் ஊன்றி, மரக்கைப்பிடியைக் காதோரம் வைத்துக்கொண்டு, மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்ப்பதைப் போல ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மெல்ல நகர்த்தினார். நான்காவது இடத்தில் கண்ணை மூடினார். "வலப்பக்கத்து கிராங்க் பேரிங் சார். இன்னும் ஒரு மாசம் ஓடும், அதுக்கப்புறம் ஓடாது." பிரித்தபோது அந்தப் பேரிங்கின் உள் வளையத்தில், நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. உலர்த்தியின் காற்றாடி பழுதாவதற்கு ஒரு வாரம் முன்பே சத்தத்தைப் பிடிக்கக் கற்ற காது அது.

ஆர்.எக்ஸ். 100-ஐ அவர் காதால் பிரித்துப் பார்த்தது பொருத்தமாகத்தான் இருந்தது, ஏனென்றால் யமஹாவின் பிறப்பே ஒரு காதில் நிகழ்ந்தது. தொராகுசு யமஹா ஜப்பானின் ஹமமட்சு ஊரில் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். 1887-இல் அவ்வூர்ப் பள்ளியிலிருந்த ரீட் ஆர்கன் என்ற, காற்றால் ஒலிக்கும் இசைக்கருவி கெட்டுப்போக, அதைச் சரிசெய்ய அவரை அழைத்தார்கள். பிரித்துப் பார்த்தவர், இதை நாமே செய்துவிடலாம் என்று முடிவுகட்டி ஒன்றைச் செய்தும் விட்டார். நல்லதா என்று சொல்ல ஹமமட்சுவில் ஆள் இல்லை. ஆகவே அவரும் துணைவர் ஒருவருமாக அந்த ஆர்கனை ஒரு கம்பில் கட்டித் தோளில் சுமந்துகொண்டு, ஹக்கோனே மலையைத் தாண்டி டோக்கியோவுக்கு நடந்தார்கள். ஏறத்தாழ 250 கிலோமீட்டர். அங்கிருந்த இசைப்பள்ளியில் கிடைத்த தீர்ப்பு: உருவம் சரி, சுருதி சரியில்லை. மனிதர் சோர்ந்துபோய்த் திரும்பவில்லை. அங்கேயே ஏறத்தாழ ஒரு மாதம் தங்கி, சுருதி சேர்ப்பது எப்படி என்று படித்துவிட்டு வந்து அடுத்த ஆர்கனைச் செய்தார். மலைப்பாதையில் தலைச்சுமையாகப் பொருள் கொண்டுபோய், சந்தையில் 'தரம் போதாது' என்று கேட்டுத் திரும்பிய அனுபவம் நம் ஊர்ப் பெரியவர்களுக்கும் உண்டு என்பதால், இந்தக் கதையை எப்போது நினைத்தாலும் எனக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை.

1897-இல் அது நிப்பான் கக்கி என்ற இசைக்கருவி நிறுவனமாயிற்று. போர்க்காலத்தில் விமானங்களுக்குச் சுழலி செய்த இயந்திரங்கள் போருக்குப் பின் சும்மா கிடந்தபோது, அவற்றை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்ததன் விளைவுதான் 1955-இல் வந்த 125 சி.சி. மோட்டார் சைக்கிளான ஒய்.ஏ.-1. ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125 என்ற வண்டியை முன்மாதிரியாக வைத்துச் செய்தது அது. போரில் தோற்ற ஜெர்மனியின் அந்த வடிவமைப்பைப் பின்பற்றியே இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ.வும் அமெரிக்காவின் ஹார்லி-டேவிட்சனும் சிறிய வண்டிகளைச் செய்தன என்பது தனிக் கதை. புது வண்டி வெளிவந்த ஆண்டே ஃபுஜி மலை ஏறும் பந்தயத்தில் வென்றது. பியானோ செய்யும் நிறுவனத்தின் முதல் வண்டி தன்னை நிரூபித்த இடம் ஒரு மலைப்பாதை. நிறுவனத்தின் முத்திரையில் இன்றும் மூன்று இசைக்கவைகள் ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்கின்றன. என் வண்டியின் டேங்கில் ஒட்டியிருந்த முத்திரையைக் காட்டி இதைச் சொன்னபோது, பட்டறைக்காரர் துணியால் அதைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இத்தன வருசமா இத வண்டிச் சக்கரம்னு நெனச்சேன் சார்" என்றார்.

அடுத்து, உயரம் பற்றிய அறிவு. கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்பரேட்டர் வைத்த வண்டிக்கு இது தெரியாது. அது சென்னையில் கொடுத்த அதே அளவு பெட்ரோலை இங்கேயும் கொடுக்க, காற்று போதாமல் பிளக் கரியேறி, வண்டி ஏற்றத்தில் மூச்சுவாங்கும். சமவெளியில் சரிசெய்து கொண்டுவரும் வண்டிகள் மூன்றாவது வளைவிலேயே திணறுவதற்கு இதுவே காரணம். இவர் பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையான மெயின் ஜெட்டில் எண் குறைந்த ஒன்றைப் போட்டு, ஏற்றத்தில் ஓட்டிவிட்டு வரச்சொல்லி, பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பார். கறுப்பு என்றால் இன்னும் குறைக்க வேண்டும். வெளுத்திருந்தால் அதிகமாகக் குறைத்துவிட்டோம் என்று பொருள், எஞ்சின் சூடேறிவிடும். வறுத்த காப்பிக்கொட்டை நிறம் வந்தால் போதும். என் வண்டிக்கு மூன்று தடவை ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை இருட்டிவிட்டதால், பிளக்கைக் கைபேசி வெளிச்சத்தில் பார்க்காமல் மறுநாள் காலை வெயிலில்தான் பார்ப்பேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். இலையின் நிறத்தை விளக்கில் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பது தொழிற்சாலைப் பாடமாம்.

இறக்கத்துக்கான பாடத்தையும் அவரிடமிருந்துதான் கற்றேன். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் உயவு எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்தே உள்ளே போகிறது. நீண்ட இறக்கத்தில் த்ராட்டிலை முழுவதும் மூடிக்கொண்டு கியரின் பிடிப்பிலேயே இறங்கினால், எஞ்சின் வேகமாகச் சுழலும், உள்ளே போகும் எண்ணெயோ மிகக் குறைவாக இருக்கும். பிஸ்டன் உரசத் தொடங்கும். "ரெண்டு வளைவுக்கு ஒருக்கா கிளட்ச்சப் புடிச்சு ஒரு முறுக்கு முறுக்கி விடுங்க சார், பாவம் அதுக்கும் நாக்கு வறண்டு போகும்ல" என்றார். இருபது ஆண்டுகள் ஆர்.எக்ஸ். ஓட்டிய எனக்கு அதுவரை இதை யாரும் சொன்னதில்லை.

இனி புல்லட். இதில் அவர் காதைவிட விரலை நம்புகிறார். பழைய வார்ப்பிரும்பு எஞ்சினில் டாப்பெட், அதாவது வால்வு இடைவெளி, சரிபார்க்க, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்தி, வால்வைத் தள்ளும் கம்பியான புஷ் ராடை இரு விரலால் பிடித்துச் சுழற்றிப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. இரண்டு ஸ்பேனர்களை வைத்துக்கொண்டு, ஒன்றை இறுக்கும்போது மற்றது நகராதபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கால் திருகு திருப்பிவிட்டு மறுபடியும் விரலால் சுழற்றுகிறார். ரோலரின் பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளியை வாழ்நாள் முழுவதும் அளந்த விரல்கள் அவை. வேலை முடிந்து வண்டியை உதைத்தால், முன்பு 'டக டக' என்று தகரம் தட்டியது போலிருந்த சத்தம் அடங்கி, அப்பா காலத்தில் தெருமுனையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வோமே, அந்த நிதானமான அடி திரும்பியிருந்தது.

புல்லட்டின் பூர்வீகத்தில் துப்பாக்கி இருப்பது பலருக்கும் தெரியும். துப்பாக்கிக்கு முன்னால் ஊசி இருந்தது பெரும்பாலும் தெரியாது. இங்கிலாந்தின் ரெட்டிச் வட்டாரம் ஒரு காலத்தில் தையல் ஊசிக்கும் தூண்டில் முள்ளுக்கும் பேர்போனது. அதன் அருகே ஹன்ட் எண்ட் என்ற சிற்றூரில் ஜார்ஜ் டவுன்சென்ட் 1851-இல் தொடங்கிய ஊசித் தொழில்தான் வேர். பின்னால் அந்த நிறுவனம் சைக்கிளுக்கு மாறி, நொடித்து, கைமாறியது. 1893-இல் என்ஃபீல்டு என்ற ஊரிலிருந்த அரச துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுட்பமான உதிரிபாகங்கள் செய்துகொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்ததும், அந்தப் பெருமையில் தங்கள் சைக்கிளுக்கு என்ஃபீல்டு என்றும், சீக்கிரமே ராயல் என்ஃபீல்டு என்றும் பெயர் வைத்துக்கொண்டார்கள். துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்ற விளம்பர வாசகமும் அப்போது வந்ததுதான். முதல் மோட்டார் சைக்கிள் 1901-இல் வந்தது. புல்லட் என்ற பெயர் 1930-களின் தொடக்கத்தில் வந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா பிறக்க, திருவொற்றியூர் அதன் ஊராயிற்று. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. இங்கிலாந்தில் விளக்கணைந்த பிறகும் வண்டி வடசென்னையில் பிறந்துகொண்டே இருந்தது. ஊசிக்காரர் வம்சத்து வண்டியைத்தான் நாம் கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்று வகுப்பில் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன். தமிழில் மட்டுமே எடுபடும் நகைச்சுவை இது.

காத்திருக்கும் பெட்டியில் உட்கார்ந்தால் மற்றவர்களின் வண்டிகளையும் பார்க்கலாம். இந்தப் பட்டறையின் நல்ல அம்சங்களில் அதையும் ஒன்றாக எண்ணுகிறேன். மறைக்கத் திரையோ, வாடிக்கையாளர் உள்ளே வரக் கூடாது என்ற அறிவிப்போ கிடையாது. ஒரு சனிக்கிழமை அங்கே ஒரு பழைய பஜாஜ் சேத்தக் முன்சக்கரம் கழற்றப்பட்டு நின்றது. முன்சக்கரத்தை இருபுறமும் கவை பிடிப்பதுதான் மோட்டார் சைக்கிளில் வழக்கம். இதிலோ ஒரே பக்கத்துக் கை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. சேத்தக்கின் தாய் வண்டியான வெஸ்பாவை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ, ஹெலிகாப்டர் செய்துகொண்டிருந்த விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிளே பிடிக்காதவர் அவர். செயின் அழுக்கும், பஞ்சரானால் சக்கரம் கழற்றும் தொல்லையும் அவருக்கு ஆகவில்லை. அதனால் செயினை ஒழித்து எஞ்சினைப் பின்சக்கரத்தோடு ஒட்டவைத்தார். விமானத்தின் இறங்குசக்கரத்தைப் போல ஒற்றைக் கையில் முன்சக்கரத்தை மாட்டினார். 1946-இல் வெஸ்பா வந்தது. அதைச் செய்த பியாஜியோ 1884-இல் ஜெனோவாவில் கப்பல்களுக்கு உள்ளலங்காரம் செய்யத் தொடங்கி, ரயில் பெட்டிக்கும் விமானத்துக்கும் போய், போரில் ஆலை சிதைந்த பிறகு ஸ்கூட்டருக்கு வந்த நிறுவனம். 1960-இல் பஜாஜ் அதன் உரிமம் பெற்றது. சொந்தப் பெயரில் சேத்தக் 1972-இல் வந்தது. அன்று பட்டறையில் அந்தச் சக்கரம் கழன்று மறுபடி மாட்டப்பட்டதை நான் கைக்கடிகாரத்தில் பார்த்தேன்: பதினோரு நிமிடம். பக்கத்தில் நின்ற புல்லட்டுக்கு அதே வேலை முக்கால் மணி நேரம் பிடித்தது.

இன்னொரு மூலையில் மைசூரில் செய்த எஸ்டி மோட்டார் சைக்கிள் ஒன்று. கியர் போடும் அதே நெம்பை உள்ளே அழுத்திப் பின்னால் திருப்பினால் கிக்கராகிவிடும் அந்த வித்தையை இன்றைய பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். அதன் மூலமான ஜாவா, பிராகாவில் ஆயுதம் செய்துகொண்டிருந்த ஃபிரான்டிஷெக் யானெச்செக் 1929-இல் வான்டரர் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் வண்டி வடிவமைப்பை வாங்கியபோது, இரு பெயர்களின் ஆங்கில எழுத்தில் முதல் இரண்டிரண்டையும் (Ja, Wa) ஒட்டிச் செய்த பெயர். பி.எஸ்.ஏ.வும் 1861-இல் பர்மிங்ஹாம் துப்பாக்கிக் கொல்லர்கள் கூடித் தொடங்கியதே. துப்பாக்கிக் குழலைத் துளையிடத் தெரிந்தவர்களுக்கு சைக்கிள் குழலும் எஞ்சின் சிலிண்டரும் தூரத்து உறவில்லை.

எல்லா நிறுவனத்திலும் பூர்வீகம் தெரியும் என்று நான் சாதிக்கவில்லை. மாஸ்டா 1920-இல் ஹிரோஷிமாவில் தக்கை செய்யும் கம்பெனியாகத் தொடங்கியது. அதன் காரில் தக்கையின் சுவடு எனக்குத் தெரியவில்லை. பெட்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவரிடம், அவர் ஓட்டும் வண்டியின் பெயரிலுள்ள லேலண்ட் என்பது இங்கிலாந்தில் ஓர் ஊர் என்றும், அங்கே ஜேம்ஸ் சம்னர் என்பவர் நீராவியில் ஓடும் புல்வெட்டி செய்து பார்த்த பிறகே 1896-இல் நீராவி வண்டிக்கான நிறுவனம் பிறந்தது என்றும் சொன்னேன். "புல்லு வெட்டற மெசினா? அதான் சார் செகண்ட் கியர்ல அப்படி ஊர்ந்து போகுது" என்றார் அவர். எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1948-இல் தொடங்கியது ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காக என்பதும், 1955-இல்தான் அது அசோக் லேலண்ட் ஆயிற்று என்பதும் அவருக்குச் சுவைக்கவில்லை. புல்வெட்டியை மட்டும் பிடித்துக்கொண்டார்.

பட்டறைக்கு வரும் வண்டிகளில் எண்ணிக்கையில் முதலிடம் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லுக்குத்தான். இலை மூட்டையும் கேரட் மூட்டையுமாகத் தோட்டத்துச் சந்துகளில் ஏறி இறங்கும் அந்த வண்டிகளின் பிரேக்கைப் பார்ப்பதில் இவர் காட்டும் அக்கறையை நான் வேறெங்கும் கண்டதில்லை. என்ன வேலைக்காக வந்திருந்தாலும், பின்சக்கர டிரம்மைத் திறந்து, பிரேக் ஷூவில் கண்ணாடி போல மினுமினுப்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ஏறியிருந்தால் உப்புத்தாளில் தேய்த்துத்தான் மூடுவார். அதற்குத் தனிக் கூலி கேட்பதில்லை. சுமையோடு இறங்கும் வண்டியில் டிரம் காய்ந்து ஷூ வழுக்கத் தொடங்கிவிட்டால் பிடித்த பிரேக் பிடிக்காது என்பது இம்மலையில் யாருக்கும் விளக்க வேண்டாத விஷயம். டி.வி.எஸ். என்ற பெயரும் 1911-இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையை நடுவாக வைத்துத் தொடங்கிய போக்குவரத்துத் தொழிலில் வேர் கொண்டது. அக்குடும்பத்து நிறுவனங்களில் பேருந்து, லாரிகளுக்குக் காற்று பிரேக் செய்துகொண்டிருந்த சுந்தரம் கிளேட்டன்தான், 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50-ஐக் கொண்டுவந்தது. பிரேக் செய்தவர்கள் பெற்ற மொபெட் அது. 2020-இல் அதே டி.வி.எஸ். இங்கிலாந்தின் நார்ட்டனை வாங்கியது என்பதைச் சொன்னபோது, பட்டறைக்காரர் ஷூவைத் தேய்ப்பதை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

புதிய ஹோண்டாக்களும் சுசுகிகளும் வருவதுண்டு, ஆனால் அவை மகனின் பொறுப்பு. யமஹா பிறந்த அதே ஹமமட்சுவில்தான் இந்த இரண்டும் பிறந்தன என்பது அந்த ஊர்மேல் எனக்கு ஒரு மரியாதையை உண்டாக்கியிருக்கிறது. மிச்சியோ சுசுகி தச்சுத் தொழில் கற்று 1909-இல் தறி செய்யத் தொடங்கியவர். 1952-இல்தான் அவருடைய நிறுவனம் சைக்கிளில் மாட்டும் எஞ்சினுக்கு வந்தது. சொயிச்சிரோ ஹோண்டா போருக்கு முன் பிஸ்டன் வளையம் செய்துகொண்டிருந்தவர். 1946-இல், ராணுவம் கைவிட்ட வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்த சிறு எஞ்சின்களை வாங்கி சைக்கிளில் மாட்டியபோது, பெட்ரோல் டேங்குக்குப் பதிலாகக் குளிருக்குப் படுக்கையில் வைத்துக்கொள்ளும் வெந்நீர்க் குடுவையை முதலில் பயன்படுத்தினாராம். டிசம்பர் மாதக் கோத்தகிரியில் இதைக் கேட்பவர்களுக்கு, எது முக்கியமான பயன் என்ற ஐயம் எழும்.

இனிக் குறைகள். முதலாவது, காலம். மூன்று நாள் என்றால் எட்டு நாள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். புல்லட் எஞ்சினைப் பிரித்த தடவை, வேண்டிய புஷ் (உள்ளே பொருத்தும் உலோக வளையம்) கடையில் கிடைத்தது சரியில்லை என்று தாமே லேத்தில் கடைந்து போட்டார்; வேலை அருமை, ஆனால் நான் ஐந்து வாரம் பேருந்தில் போனேன். தொலைபேசியை எடுக்க மாட்டார். இரண்டாவது, ரசீது. கணக்கெல்லாம் ஒரு நீள நோட்டில் பென்சிலில் இருக்கிறது. காப்பீட்டுக்கோ அலுவலகத்துக்கோ ரசீது தேவைப்படுபவர்கள் இங்கே வந்து பயனில்லை. கூலி நியாயமானது; கார்பரேட்டர் வேலைக்கும் ஜெட் பொருத்தி ஓட்டிப் பார்த்ததற்குமாகச் சேர்த்து என்னிடம் வாங்கியது 400 ரூபாய். பொருள்களை நாமே வாங்கிக்கொடுத்தால் முகம் சுளிப்பதில்லை, ஆனால் போலிப் பொருளாக இருந்தால் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

மூன்றாவது குறைதான் பெரியது: மின்சார வேலை இவருக்கு வராது. தண்டும் பட்டையும் சக்கரமுமாக வளர்ந்த கை. வயரைக் கண்டால் அவசரப்படும். சென்ற ஆண்டு புல்லட்டின் வயரிங்கை இவரே புதுப்பித்தார். பத்தாம் நாள், மாலை ஏழு மணிக்கு, பனி இறங்கியிருந்த ஒரு வளைவில் முகப்பு விளக்கு அணைந்துவிட்டது. கைப்பிடித் தண்டுக்குப் பின்னால் வயரை இறுக்கமாக இழுத்துக் கட்டியிருந்ததால், வளைவுக்கு வளைவு திருப்பத் திருப்ப அது அறுந்திருக்கிறது. முன்னால் போன ஜீப்பின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். சொன்னபோது மறுக்கவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைவீதியில் இருக்கும் ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் அனுப்பினார். அங்கேயும் என் கேள்வியைக் கேட்டேன். அவர் முன்பு ரேடியோவும் டி.வி.யும் பழுதுபார்த்தவராம். எனக்கு உடனே டுகாட்டி நினைவுக்கு வந்தது. 1926-இல் பொலோனாவில் ரேடியோ உதிரிபாகம் செய்யத் தொடங்கிய குடும்பத்தின் பெயர்தான் இன்று பந்தய மோட்டார் சைக்கிளில் ஓடுகிறது. அவர் செய்த வயரிங் இரண்டு மழைக்காலத்தைத் தாங்கிவிட்டது. ஒவ்வோர் இணைப்பிலும் ஈயம் பற்றவைத்து, மேலே உறை போட்டு, கைப்பிடி இருபுறமும் திரும்பும் அளவுக்கு வயரைத் தளரவிட்டிருக்கிறார்.

மகனைப் பற்றியும் ஒரு சொல். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தது முதல் புது வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கார்பரேட்டர் கிடையாது. பெட்ரோலை அளந்து தெளிப்பது கணினி. காற்றழுத்தம் குறைந்தால் அதுவே புரிந்துகொண்டு பெட்ரோலையும் குறைத்துவிடுவதால், தந்தையின் ஜெட் வித்தைக்கு அங்கே வேலையில்லை. மகன் கோயம்புத்தூரில் பயின்று, பழுதுக் குறியீட்டைப் படிக்கும் கருவி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். கருவி சொல்வதை நம்பி உடனே பாகத்தை மாற்றிவிடும் வழக்கம் அவருக்கு இருக்கிறது. அப்பா ஒரு முறை வந்து காது வைத்துப் பார்க்கும்வரை பொறுப்பது நல்லது. புது வண்டி வைத்திருப்பவர்கள், உத்தரவாதக் காலம் முடியாதவரை, இங்கே வரத் தேவையில்லை. பழைய இரண்டு ஸ்ட்ரோக், பழைய புல்லட், எஸ்டி, சேத்தக், எக்ஸ்.எல். வைத்திருப்பவர்களுக்கு நீலகிரியில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஞாயிறு விடுமுறை. காலை ஒன்பதுக்குள் போனால் அவரே வண்டியை ஓட்டிப் பார்ப்பார். பத்துக்கு மேல் போனால் நோட்டில் பெயர் மட்டும் எழுதிக்கொள்வார். புல்லட்டின் கிளட்ச் தகடுகளைப் பார்க்கச் சொல்லி ஐப்பசி பிறந்ததும் போயிருந்தேன். கூரையில் விழும் மழையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இந்தச் சத்தத்துல எனக்கு எஞ்சின் காதுல விழாது சார், மழை விடட்டும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.